லாக்ஸ்டன்: வேலி போடாத வயல்களின் ஊர்

இங்கிலாந்தின் அரண்மனைகளையும் பெருநகரங்களையும் விட்டுவிட்டு, ஒரு சின்ன நாட்டுப்புறக் கிராமத்தின் வரலாற்றை முழுமையாக அறிய விரும்பினால் எந்த ஊரை எடுத்துக்கொள்ளலாம், அங்கே காண வேண்டியவை எவை என்று கேட்டிருந்தீர்கள். தயங்காமல் நான் சொல்லும் பெயர் லாக்ஸ்டன். நாட்டிங்ஹாம்ஷயர் மாவட்டத்தில், டிரென்ட் ஆற்றங்கரையிலுள்ள நியூவார்க் நகருக்கு வடமேற்கே, களிமண் மேட்டின்மேல் அமைந்த ஊர் அது. சில நூறு பேர் மட்டுமே வாழ்கிறார்கள். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: முதல் பார்வையில் அங்கே கண்ணைக் கவர்வது எதுவுமில்லை. ஒரு தெரு, ஒரு தேவாலயம், ஒரு மதுவிடுதி, செங்கல் வீடுகள், அவற்றைச் சுற்றிலும் வயல்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த வயல்கள்தாம் ஊரின் தலையாய நினைவுச்சின்னம். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இடைக்காலத்தில் நடைமுறையில் இருந்த திறந்த வயல் முறை, அதாவது இடையில் வேலியே இல்லாத பெரிய வயல்களை ஊரார் பட்டை பட்டையாகப் பகிர்ந்துகொண்டு பொது விதிகளின்படி பயிரிடும் முறை, அதை நடத்தும் நீதிமன்றத்தோடு சேர்ந்து இங்கிலாந்தில் இன்றுவரை உயிரோடு இருப்பது இந்த ஊரில் மட்டுந்தான்.

ஊருக்குள் நுழைந்ததும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இங்கிலாந்தின் பெரும்பாலான பகுதிகளில் விவசாயியின் வீடு அவரது நிலத்தின் நடுவே தனியாக நிற்கும். லாக்ஸ்டனில் பண்ணை வீடுகள் எல்லாம் ஊர்த்தெருவிலேயே வரிசையாக நிற்கின்றன. பல வீடுகள் தம் குறுகிய பக்கத்தைத் தெருவுக்குக் காட்டியபடி இருக்க, பின்னால் களஞ்சியமும் தொழுவமும், அவற்றுக்கும் பின்னால் நீண்டு ஒடுங்கிய கொல்லையும் தொடர்கின்றன. காரணம் எளிது. ஒருவருடைய நிலம் ஒரே இடத்தில் இருந்தால் அங்கேயே வீடு கட்டிக்கொள்ளலாம். ஊரின் எல்லாத் திசைகளிலும் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தால், எல்லாத் துண்டுகளுக்கும் போய்வர வசதியான இடம் ஊர்நடுதான். எனவே வயலைப் பார்ப்பதற்கு முன்பே, தெருவின் அமைப்பே வயலின் அமைப்பை உங்களுக்குச் சொல்லிவிடும்.

மேற்கு வயல், ஆலை வயல், தெற்கு வயல் என மூன்று பெரிய வயல்கள் இருக்கின்றன. ஆலை வயலுக்குப் பெயர் தந்த காற்றாலை இன்று இல்லை. பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. மூன்றும் சேர்ந்து ஐந்நூறு ஏக்கருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். ஒவ்வோர் ஆண்டும் ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, மற்றொன்றில் வசந்தத்தில் விதைக்கும் வாற்கோதுமை போன்ற பயிர், மூன்றாவது தரிசு. அடுத்த ஆண்டு இந்த வரிசை ஒரு படி நகரும். ஒவ்வொரு விவசாயிக்கும் மூன்று வயல்களிலும் பட்டைகள் இருப்பதால், எந்த ஆண்டிலும் எவருக்கும் கோதுமை இல்லாமல் போவதில்லை; அதேபோல் எவருடைய நிலத்திலும் ஒரு பங்கு ஓய்வெடுக்காமல் இருப்பதில்லை. நல்ல மண்ணும் மோசமான மண்ணும், மேடும் பள்ளமும், ஊருக்கு அருகிலுள்ள துண்டும் தொலைவிலுள்ள துண்டும் எல்லாருக்கும் கலந்தே கிடைக்கும்.

பட்டைகளின் அளவுக்குப் பின்னால் மாட்டின் உழைப்பு இருக்கிறது. பர்லாங்கு என்ற அளவை நம் முந்தைய தலைமுறைக்கு நன்றாகவே தெரியும்; எட்டு பர்லாங்கு ஒரு மைல் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள் அவர்கள். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு 'நீண்ட உழவுசால்' என்றே பொருள். 220 கெஜ நீளமும் 22 கெஜ அகலமும் கொண்ட நிலம் ஓர் ஏக்கர். அது ஏறத்தாழ ஓர் ஏர் ஒரு நாளில் உழுது முடிக்கும் பரப்பு. 1930களில் லாக்ஸ்டனை விரிவாக ஆராய்ந்த ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ஆர்வின் தம்பதியர், பட்டைகள் பிறந்ததற்கு இந்த ஒருநாள் உழவையே அடிப்படையாகக் காட்டினார்கள். பட்டைகள் நேர்க்கோடாக இல்லாமல் மெல்ல வளைந்து போவதற்கும் மாடுகளே காரணம்: நீண்ட ஏர்ப்பூட்டைக் கோடியில் திருப்ப வேண்டுமானால், கோடி வருவதற்கு முன்பே ஒரு பக்கமாகச் சாய்த்து ஓட்டத் தொடங்க வேண்டும். பட்டையின் ஓரங்களிலிருந்து நடுவை நோக்கியே மண்ணைப் புரட்டி உழுதுவந்ததால், பல தலைமுறைகளில் நடுப்பகுதி முதுகுபோல் உயர்ந்தும் ஓரம் பள்ளமாகவும் ஆயின. இங்கிலாந்தின் நடுப்பகுதிகளில் புல்வெளிகளில் அலையலையாகத் தெரியும் மேடுபள்ளங்கள் இப்படி உண்டானவையே. மாலை வெயில் சாய்வாக விழும்போது அவை மிகத் தெளிவாகத் தெரியும்.

மூன்று வயல்களோடு கதை முடிவதில்லை. வயல்களுக்கு நடுவே, ஏர் ஓட்ட முடியாத சரிவுகளிலும் நீர் தங்கும் தாழ்வுகளிலும், உழாமல் விட்ட புல்தரைகள் நீளமாகக் கிடக்கின்றன. இவற்றை ஊரார் 'சைக்' என்கிறார்கள். இவை தனி ஒருவருக்கு உரியவை அல்ல. ஆண்டுதோறும் கோடையில் இவற்றின் புல்லை அறுத்து உலர்த்தி எடுத்துக்கொள்ளும் உரிமை ஊர் விவசாயிகளிடையே ஏலம் விடப்படுகிறது. நூற்றாண்டுகளாகக் கலப்பையே படாத மண் என்பதால் வேறெங்கும் அருகிவிட்ட காட்டுப் பூக்கள் இங்கே செழித்திருக்கின்றன. அரசு இவற்றைப் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதியாக அறிவித்திருக்கிறது. இவை தவிர 'கெய்ட்' எனப்படும் மேய்ச்சல் உரிமை ஒன்றும் உண்டு. பொது நிலத்தில் இத்தனை ஆடுமாடுகளை மேய விடலாம் என்ற பங்கு அது. அக்காலத்தில் அறுவடை முடிந்த வயலிலும் தரிசிலும் ஊரின் ஆடுமாடுகள் சேர்ந்தே மேய்ந்தன. அவற்றின் எருவே நிலத்துக்கு உரமாயிற்று.

இப்படிப்பட்ட ஏற்பாட்டில் ஒருவர் மட்டும் தன்போக்கில் நடந்துகொண்டால் எல்லாருக்கும் கேடு. தரிசு போட வேண்டிய வயலில் ஒருவர் மட்டும் விதைத்தால் மேய்ச்சலே நின்றுவிடும். பட்டைகளுக்கு நடுவே வேலியோ சுவரோ இல்லை என்பதால், பக்கத்துப் பட்டையில் ஒரு சால் கூடுதலாக ஓட்டிவிடுவது கண்ணுக்குத் தெரியாத களவு. ஆண்டுக்கு ஒரு சால் என்றால் ஒரு தலைமுறையில் ஒரு பட்டையே காணாமல் போகும். இதைத் தடுப்பதற்குத்தான் கோர்ட் லீட் எனப்படும் பண்ணை நீதிமன்றம் இருந்தது (பண்ணை என்று இங்கே சொல்வது ஊரின் நிலப்பிரபுவுக்குரிய உடைமையை). இடைக்கால இங்கிலாந்தில் ஊர்தோறும் இருந்த இத்தகைய மன்றங்கள் காலப்போக்கில் வெறும் சடங்காகத் தேய்ந்தன. 1977ஆம் ஆண்டு நீதி நிர்வாகச் சட்டம் அவற்றின் அதிகாரத்தை முறைப்படி நீக்கியபோது, லாக்ஸ்டன் மன்றத்தின் அதிகாரம் மட்டும் விதிவிலக்காக நிலைநிறுத்தப்பட்டது. மற்ற ஊர்களில் எஞ்சியிருக்கும் மன்றங்கள் அங்கியணிந்து ஊர்வலம் போவதோடு சரி. இங்கே மட்டும் அபராதத்துக்குச் சட்டத்தின் பலம் இருக்கிறது.

அந்த மன்றம் செயல்படுவதை நேரில் காண வேண்டுமானால், நவம்பர் கடைசியில் வரும் ஜூரி நாளன்று போக வேண்டும். பதவிப் பிரமாணம் எடுத்த விவசாயிகள், ஒரு தலைவரின் கீழ், அந்த ஆண்டு கோதுமை விதைத்த வயலுக்குப் போகிறார்கள். அப்போது கோதுமை விரல் அளவுதான் முளைத்திருக்கும். களிமண் காலணியை விட்டு இறங்காது. பட்டைகளின் தலைமாட்டில், பொதுப் பாதையையோ சைக்கையோ தொடும் இடங்களில், எவருடைய கலப்பையாவது எல்லையைத் தாண்டி உழுதிருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறார்கள். பழைய எல்லையைக் கண்டுபிடித்து, அளந்து, அங்கே மரமுளைகளைச் சம்மட்டியால் அடித்து இறக்குகிறார்கள். தவறு இருந்தால் பெயரும் அளவும் குறித்துக்கொள்ளப்படும். பிறகு எல்லாரும் ஊர் மதுவிடுதியில் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். ஒரு வாரம் கழித்து மன்றம் கூடும், பண்ணை உடைமையாளரின் சார்பில் ஸ்டூவர்ட் எனப்படும் அதிகாரி தலைமை ஏற்பார், ஜூரி தன் கண்டறிதலைச் சொல்லும், அபராதம் விதிக்கப்படும், அடுத்த ஆண்டுக்கான ஜூரி பிரமாணம் எடுக்கும். அபராதத் தொகை சொற்பந்தான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர்கள் பன்னிரண்டு பேர் நின்று 'நீ எல்லை தாண்டினாய்' என்று சொல்வது சொற்பமல்ல. இந்த முறையின் உண்மையான வலிமை அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

இந்த ஊரின் வயல்களை இன்று நாம் இவ்வளவு துல்லியமாக அறிந்திருப்பதற்கு ஒரு வரைபடம் காரணம். 1625ஐ ஒட்டி இந்தப் பண்ணை சர் வில்லியம் கூர்ட்டென் என்ற லண்டன் பெருவணிகரின் கைக்கு வந்தது. தான் வாங்கிய சொத்து என்னவென்று அறிய விரும்பியதாலோ என்னவோ, மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளரைக் கொண்டு 1635இல் ஊர் முழுவதையும் அளக்கச் செய்தார். ஒவ்வொரு பட்டையும் யாரிடம் இருந்தது என்பது வரை அதில் உண்டு. அளவையாளர் அதோடு நிற்கவில்லை. வயல்களுக்குள் ஏர் ஓட்டுபவர்களையும், அறுவடை செய்பவர்களையும், மேயும் மாடுகளையும், வேட்டைக்காரர்களையும் குட்டிக் குட்டிச் சித்திரங்களாக வரைந்து வைத்தார். தெருவிலுள்ள வீடுகளும் காற்றாலையும் தேவாலயமும் அவற்றின் இடங்களில் நிற்கின்றன. சொத்துக் கணக்குக்காக வரைந்த ஆவணம், ஒரு ஊரின் ஆண்டு முழுவதையும் காட்டும் ஓவியமாகிவிட்டது. மூலப்படம் ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய லாக்ஸ்டனில் நடந்தால், தெருவிலும் வயலெல்லைகளிலும் பெரும்பகுதி வழி தவறாது.

மற்ற ஊர்களில் இது ஏன் மறைந்தது, இங்கே ஏன் மறையவில்லை என்பதே அடுத்த கேள்வி. 1750க்கும் 1850க்கும் இடையில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஏறத்தாழ நாலாயிரம் வேலியடைப்புச் சட்டங்களை இயற்றியது. சிதறிய பட்டைகளை ஒன்றுசேர்த்து, ஆளுக்கு ஒரே இடமாகப் பிரித்துக் கொடுத்து, புதர்வேலி அமைப்பதே அவற்றின் நோக்கம். விளைச்சல் பெருகியது என்பது உண்மை. மேய்ச்சல் உரிமையை மட்டும் நம்பியிருந்த ஏழைகள் நிலத்தோடு உறவற்ற கூலிகளானார்கள் என்பதும் உண்மை. லாக்ஸ்டனிலும் ஓரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வேலி ஏறத்தான் செய்தது. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பண்ணை பியர்பாண்ட் குடும்பத்திடம் இருந்தது. பிற்காலத்தில் மான்வர்ஸ் பிரபுக்கள் ஆனவர்களும் அவர்களே. ஆனால் ஊரில் அவர்களோடு சிறு நில உடைமையாளர்களும் பலர் இருந்தார்கள். அத்தனை பேரின் சம்மதத்தைப் பெற்று, சட்டச் செலவும் வேலிச் செலவும் செய்து முடிப்பது எளிதாக இல்லை. நிலம் பெரும்பாலும் பிரபுவின் கைக்கு வந்துசேர்ந்த காலத்திலோ, 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஆங்கிலேய விவசாயம் வீழ்ச்சி கண்டு, வேலியில் பணம் போட எவருக்கும் மனமில்லாமல் போயிற்று. பழமையின்மேல் கொண்ட பற்றால் அல்ல, காரியம் இழுபட்டதால்தான் லாக்ஸ்டன் பிழைத்தது. பாதுகாக்க வேண்டும் என்ற எண்ணம் அதன் பிறகே வந்தது.

எனவே அங்கே போய் அப்பழுக்கற்ற இடைக்காலத்தைத் தேடாதீர்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மான்வர்ஸ் பண்ணை பட்டைகளை மறுபகிர்வு செய்து, எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொன்றையும் பெரிதாக்கியது. பியர்ஸின் படத்தில் நூல்போல் தெரியும் பட்டைகள் இன்று அகன்ற துண்டுகளாக இருக்கின்றன. மாடுகளின் இடத்தில் டிராக்டர் ஓடுகிறது. விவசாயிகளுக்கு மூன்று வயல்களுக்கு வெளியே வேலியடைத்த நிலமும் உண்டு. இல்லாவிட்டால் பிழைப்பு நடக்காது. 1952இல் ஆறாம் மான்வர்ஸ் பிரபு, இந்த முறை தொடர வேண்டும் என்ற எண்ணத்தோடு பண்ணையை வேளாண்மை அமைச்சகத்துக்கு விற்றார். 1981இல் அது அரச உடைமை நிறுவனமான கிரவுன் எஸ்டேட்டுக்குப் போனது. 2020இல் அந்நிறுவனம் விற்றபோது வாங்கியது, மான்வர்ஸ் வழிவந்தவர்களின் தோர்ஸ்பி பண்ணை. எழுபது ஆண்டுகளுக்குள் பண்ணை மீண்டும் பழைய குடும்பத்தின் வட்டத்துக்கே வந்து சேர்ந்தது. உடைமை மாறிய ஒவ்வொரு முறையும் விவசாயிகளும் வரலாற்றாசிரியர்களும் கவலையோடுதான் பார்த்தார்கள். மன்றமோ கூடிக்கொண்டே இருக்கிறது.

இனிக் கட்டடங்களுக்கு வருவோம். தேவாலயத்துக்கு வடக்கே, ஊரின் விளிம்பில், நாட்டிங்ஹாம்ஷயரில் மிக நன்றாக எஞ்சியிருக்கும் மண்மேட்டுக் கோட்டை இருக்கிறது. கல்லைத் தேடாதீர்கள், புல் மூடிய ஒரு பெரிய மேடு, அதைச் சூழ்ந்த அகழி, அதன் முன்னே இரண்டு முற்றங்கள், மேட்டின் உச்சியில் இன்னொரு சிறு மேடு, இவ்வளவே காட்சி. இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மானிய அரசர் 1086இல் எடுத்த டூம்ஸ்டே நிலக் கணக்கெடுப்பில், நார்மானியர் வருமுன் இந்த ஊர் டோக்கி என்பவரிடமும், பின்னர் ஜெஃப்ரி ஆல்செலினிடமும் இருந்ததாகப் பதிவாகியிருக்கிறது. அதற்கடுத்து வந்த டி கௌ குடும்பத்தின் காலத்தில், 12ஆம் நூற்றாண்டில், இந்தக் கோட்டை எழுந்தது. ஷெர்வுட் காட்டின் காவல் பொறுப்பு இந்தப் பண்ணையோடு பரம்பரையாகச் சேர்ந்துவந்ததுதான் அதன் முக்கியத்துவத்துக்குக் காரணம். ராபின் ஹுட் கதைகளில் வரும் அதே காடு. அந்தப் பொறுப்பு பின்னர் எவரிங்ஹாம் குடும்பத்துக்கு வந்தது. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காட்டுச் சட்டத்தை மீறிய குற்றத்துக்காக அவர்கள் அதை இழந்தார்கள். காவலரே காட்டுக் குற்றவாளி ஆனது கதைகளுக்கு ஏற்ற திருப்பந்தான்.

எவரிங்ஹாம்களைப் புனித மைக்கேல் தேவாலயத்தில் நேரிலேயே பார்க்கலாம். அவர்களின் படுத்த நிலைச் சிற்பங்கள் அங்கே இருக்கின்றன. அவற்றில் ஒரு பெண்ணின் உருவம் கல்லில் அல்லாமல் மரத்தில் செதுக்கப்பட்டது; இந்த மாவட்டத்தில் எஞ்சியிருக்கும் ஒரே இடைக்கால மரச்சிற்பக் கல்லறை உருவம் அதுதான். அறுநூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஈரமும் பூச்சியும் விட்டுவைத்த முகம் என்பதால் அருகில் நின்று பார்க்க வேண்டியது. தேவாலயத்தை 1859-60இல் மான்வர்ஸ் பிரபு பழுதுபார்த்துச் சீரமைத்தார். அப்போது கட்டடத்தின் நீளத்தையும் பக்கவாட்டு அகலத்தையும் குறைத்துவிட்டார்கள். பாழடைந்து கிடந்ததைக் காப்பாற்றியதற்கு நன்றி சொல்லலாம். ஆனால் பழைய அளவுகள் போய்விட்டன.

ஊரின் பெயர் பழைய ஆவணங்களில் லெக்ஸிங்டன் என்றும் வரும். அந்தப் பெயரைத் தாங்கி 13ஆம் நூற்றாண்டில் மூன்று சகோதரர்கள் புகழ் பெற்றார்கள்: ராபர்ட் அரச நீதிபதி, ஜான் அரச முத்திரையைக் காத்தவர், ஹென்றி லிங்கன் நகரின் ஆயர். 1582இல் இங்கே பிறந்த வில்லியம் சாப்பல் கேம்பிரிட்ஜில் ஆசிரியராக இருந்து, பிறகு அயர்லாந்தில் ஆயரானார். கவிஞர் மில்டனுக்கு முதலில் ஆசிரியராக இருந்தவர் அவர்தான். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை, மில்டன் வேறோர் ஆசிரியரிடம் மாற்றப்பட்டார்.

தெருவிலுள்ள சின்ன அடையாளங்களையும் விட்டுவிடாதீர்கள். கட்டுத் தவறிப் பயிரில் இறங்கிய மாடுகளை அடைத்துவைக்கும் கொண்டித்தொழு ஒன்று ஊரில் இருக்கிறது. அதற்குப் பொறுப்பானவருக்குப் 'பிண்டர்' என்று பெயர். தண்டம் கட்டினால்தான் மாடு வெளியே வரும். வேலியில்லா ஊரில் இது அலங்காரமல்ல, அவசியம். 'டவ்காட்', அதாவது புறாக்கூடு என்ற பெயர்கொண்ட மதுவிடுதியில்தான் மன்றம் கூடுகிறது; அதன் அருகிலேயே வயல் முறையை விளக்கும் சிறு காட்சிக்கூடம் இருக்கிறது. அங்கே முதலில் போய்ப் படங்களைப் பார்த்துவிட்டு வயலுக்குப் போவதே நல்லது, இல்லாவிட்டால் வெறும் கோதுமை வயல்தான் தெரியும்.

நேரமிருந்தால் இன்னும் இரண்டு இடங்கள். ஊரைச் சேர்ந்த மூர்ஹவுஸ் என்ற குக்கிராமத்தில், நாடாளுமன்றக் கீழவையின் சபாநாயகராக இருந்த ஈவ்லின் டெனிசனுக்காக ஹென்றி கிளட்டன் என்ற கட்டடக் கலைஞர் 1860ஐ ஒட்டிக் கட்டிய சிற்றாலயம் இருக்கிறது. சிறியதாயினும் கனமான பிரெஞ்சுச் சாயல் கொண்டது. மற்றொன்று இந்த ஊரின் கதையோடு எவ்வகையிலும் தொடர்பற்றது. நாஜிகள் யூதர்களைக் கொன்றொழித்ததை நினைவுகூரும் அருங்காட்சியகம் ஒன்றை, 'பெத் ஷாலோம்' என்ற பெயரில், ஸ்மித் சகோதரர்களும் அவர்களின் பெற்றோரும் 1995இல் இங்கே திறந்தார்கள். யூதரல்லாத ஒரு குடும்பம், நாட்டுப்புறத்தில் தங்கள் சொந்த இடத்தில் தொடங்கிய அந்த முயற்சி இன்று நாட்டின் தேசிய ஹோலோகாஸ்ட் மையமாக வளர்ந்திருக்கிறது. தோட்டத்தில் இறந்தவர்களுக்காக நட்ட வெள்ளை ரோஜாக்கள் இருக்கின்றன. இதை வயல் பார்க்கும் நாளோடு சேர்க்காமல், தனி நாள் ஒதுக்கிப் பார்க்கச் சொல்வேன்.

எப்போது போவது என்றால், பூக்களுக்கு ஜூன், முளையடிப்பதைப் பார்க்க நவம்பர் கடைசி. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் நவம்பரே என் தேர்வு. அன்று பெரும்பாலும் தூறலும் குளிர்காற்றும் இருக்கும். கோட்டை மேடும் மங்கலாகத்தான் தெரியும். முழங்கால்வரை வரும் ரப்பர் காலணியை மட்டும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.